பிரவுசரில் திறக்கிறது, ஜாவாவில் திறக்கவில்லை: ஹேண்ட்ஷேக் எங்கே முறிகிறது?

கேள்வி இதுதான்: "டாம்கேட் வெப் சர்வரில் ஓடும் எங்கள் ஜாவா செயலி, இன்னொரு நிறுவனத்தின் ஏபிஐயை எச்டிடிபிஎஸ் வழியாக அழைக்கிறது. நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடியது. இன்று காலையிலிருந்து எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் எக்ஸப்ஷன். 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' என்கிறது. அதே முகவரி பிரவுசரில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறக்கிறது. சான்றிதழை இறக்கி, ஜாவாவோடு வரும் சான்றிதழ்க் கருவியான கீடூலில் சேர்த்தும் பார்த்துவிட்டோம், மாற்றமில்லை. எந்தச் சான்றிதழ் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் ட்ரஸ்ட் மேனேஜர் ஒன்றை எழுதிப் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் சீனியர். போடலாமா?"

போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நேற்று ராத்திரி உங்கள் பக்கம் டெப்ளாய்மென்ட் எதுவும் நடக்கவில்லை என்றால் நிரலைத் திறக்கவே வேண்டாம். மாறியது எதிர்ப்பக்கம். என்ன மாறியது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

ஹேண்ட்ஷேக் என்பது, தரவு போகத் தொடங்கும் முன் இரு பக்கமும் அறிமுகமாகிக்கொள்ளும் படி. முதலில் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். ஸ்டாக் ட்ரேஸில் முதல் வரியைப் பார்த்துவிட்டு கூகுளுக்கு ஓடுவதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். விஷயம் அடியில் உள்ள 'காஸ்ட் பை' வரியில்தான் இருக்கும். உங்கள் செய்தியின் பொருள், "நீ கேட்ட இடத்துக்குப் போய்ச் சேரும் செல்லுபடியான சான்றிதழ்ப் பாதை எனக்குக் கிடைக்கவில்லை" என்பது. இதைச் சொல்வது சர்வர் அல்ல, உங்கள் ஜாவா. அதாவது டிஎன்எஸ் சரி, ஃபயர்வால் சரி, போர்ட் திறந்திருக்கிறது, எந்த டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய பெயர்) பதிப்பு, எந்த சைஃபர் (மறையாக்க முறை) என்ற பேச்சும் முடிந்துவிட்டது. சர்வர் தன் சான்றிதழை நீட்டியிருக்கிறது. உங்கள் ஜாவா அதை வாங்கிப் பார்த்துவிட்டு "உன்னை எனக்குத் தெரியாது" என்கிறது. நெட்வொர்க் டீமை எழுப்ப வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு நுணுக்கம். 'பாத் பில்டிங் ஃபெயில்ட்' வேறு, 'பாத் வாலிடேஷன் ஃபெயில்ட்' வேறு. முதலாவதில் பாதையே கிடைக்கவில்லை. இரண்டாவதில் பாதை கிடைத்தது, ஆனால் நடுவில் ஏதோ ஒன்று தேறவில்லை. சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம், உங்கள் சர்வரின் கடிகாரம் தப்பாக ஓடலாம், ஜாவா தடை செய்துவிட்ட பழைய கையொப்ப முறையில் கையெழுத்திட்டிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பாதை என்றால் என்ன? ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வெளியூரில் வளர்ந்த பையன் ஒருவன் வந்து நிற்கிறான். "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்று கேட்கிறார். அவன் தன் பேரைச் சொன்னால் அவருக்குத் தெரியாது. அப்பா பேரைச் சொல்கிறான். அவரையும் நேரில் தெரியாது. ஆனால் அப்பா யாருடைய மகன் என்று சொன்னதும் "அட, நம்ம மாணிக்கம் பேரனா!" என்று முகம் மலர்கிறது. பெரியவருக்குத் தெரிந்தது தாத்தாவை மட்டும்தான். தாத்தாதான் ரூட் சான்றிதழ், அப்பா இடைநிலைச் சான்றிதழ், பேரன் உங்கள் ஏபிஐ சர்வரின் சான்றிதழ். ஜாவாவோடு வரும் சிஏசர்ட்ஸ் என்ற கோப்பில் இருப்பவர்கள் எல்லாரும் தாத்தாக்கள். பையன் தன் பேரை மட்டும் சொல்லிவிட்டு அப்பா பேரைச் சொல்லாமல் நின்றால், தாத்தாவை நன்றாகத் தெரிந்திருந்தும் பெரியவர் உள்ளே விடமாட்டார். உங்கள் பிழை பெரும்பாலும் அதுதான். சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை.

பிரவுசர் மட்டும் எப்படி விட்டது? பிரவுசர் கொஞ்சம் ஊர் விசாரிக்கிற ஆள். பெரும்பாலான சான்றிதழ்களுக்குள்ளும் "எனக்குக் கையெழுத்திட்டவரின் சான்றிதழ் இந்த முகவரியில் கிடைக்கும்" என்று ஒரு குறிப்பு இருக்கும். குரோம் அங்கே போய்த் தானே எடுத்துக்கொண்டு வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் தெரிந்த இடைநிலைச் சான்றிதழ்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. ஜாவாவுக்கும் அந்த முகவரிக்குப் போகத் தெரியும். ஆனால் அந்த வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே "பிரவுசரில் திறக்கிறதே" என்பது இந்த வழக்கில் சாட்சியே அல்ல. எதிர்ப்பக்கத்து ஆட்களும் இதையே சொல்லித்தான் டிக்கெட்டை மூடுவார்கள், தயாராக இருங்கள்.

கண்ணால் பார்க்க ஒரு வழி. உங்கள் சர்வரிலிருந்தே (உங்கள் லேப்டாப்பிலிருந்து அல்ல) ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையை ஓட்டுங்கள். கனெக்ட் என்பதற்கு ஏபிஐ சர்வரின் பெயரும் 443-உம், சர்வர்நேம் என்பதற்கு மறுபடி அதே பெயரும், கடைசியில் ஷோசர்ட்ஸும் கொடுக்க வேண்டும். சர்வர்நேமை விட்டுவிடாதீர்கள், ஒரே ஐபியில் பத்து தளங்கள் இருந்தால் யாருக்கோ உரிய சான்றிதழ் வந்து உங்களைக் குழப்பும். வரும் பதிலில் 'சர்டிஃபிகேட் செயின்' என்ற தலைப்பின் கீழ் 0, 1 என்று எண்ணிட்ட பத்திகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு முக்கிய வரிகள்: எஸ் என்று தொடங்குவது யாருடைய சான்றிதழ் என்பது, ஐ என்று தொடங்குவது அதற்குக் கையெழுத்திட்டவர் யார் என்பது. 0-இன் ஐ வரியில் உள்ள பெயர் 1-இன் எஸ் வரியில் இருக்க வேண்டும். 0 மட்டும் வந்து, 1 இல்லாமல், கடைசியில் வெரிஃபை ரிட்டர்ன் கோட் 21 என்று நின்றால் வழக்கு முடிந்தது. முதல் சான்றிதழையே சரிபார்க்க முடியவில்லை என்பதுதான் 21-இன் பொருள்.

ஓப்பன்எஸ்எஸ்எல் இல்லாத இடத்தில் கீடூலிடமே கேட்கலாம். பிரின்ட்சர்ட் கட்டளையோடு எஸ்எஸ்எல்சர்வர் விருப்பத்தில் முகவரியைக் கொடுத்தால் சர்வர் அனுப்பும் சங்கிலியை அப்படியே காட்டும்.

நேற்று ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. யாரோ சான்றிதழைப் புதுப்பித்திருக்கிறார்கள். சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் சர்ட்பாட் போன்ற கருவி சர்ட், செயின், ஃபுல்செயின் என்று தனித்தனிக் கோப்புகளைத் தரும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் சான்றிதழ் வரியில் ஃபுல்செயினைக் கொடுக்க வேண்டும். சர்ட் என்ற பெயரைப் பார்த்ததும் "சான்றிதழ்தானே கேட்கிறது" என்று அதைக் கொடுத்துவிட்டார்கள். பிரவுசரில் திறந்து பார்த்தார்கள், வேலை செய்தது, வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சங்கிலி முழுசாக வந்தும் பிழை வருகிறது என்றால், உங்கள் ஜாவாவுக்கு அந்தத் தாத்தாவைத் தெரியவில்லை என்று அர்த்தம். பழைய ஜாவாவில் இது சகஜம். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் ரூட்டான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, ஜாவா 8-இல் 141-ஆவது அப்டேட்டில்தான் சிஏசர்ட்ஸுக்குள் வந்தது. அதற்கு முந்தைய ஜாவா 8-ஐ "ஓடுகிறதே, ஏன் தொட வேண்டும்" என்று வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே மருந்து ஒன்றுதான்: ஜாவாவை அப்டேட் செய்வது. இன்னொரு வாய்ப்பு, ஐ வரியில் ஒரு ஃபயர்வால் கம்பெனியின் பெயரோ உங்கள் அலுவலகத்தின் பெயரோ தெரிவது. உங்கள் அலுவலகமே நடுவில் நின்று டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தன் சான்றிதழை மாட்டி அனுப்புகிறது. ஐடி ஆட்கள் விண்டோஸுக்குள் தங்கள் ரூட்டைப் போட்டிருப்பார்கள், அதனால் பிரவுசர் பேசாமல் இருக்கும். ஜாவாவுக்குள் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து, கீடூலில் சேர்த்தும் ஏன் பலனில்லை? இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவாகும், ஏனென்றால் தப்பு செய்த இடம் எந்தச் சத்தமும் எழுப்பாது. கீடூல் "சேர்த்துவிட்டேன்" என்று சொல்லும், உண்மையிலேயே சேர்த்திருக்கும், ஆனால் வேறு வீட்டில்.

உங்கள் சர்வரில் எத்தனை ஜாவா இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு வந்தது ஒன்று, யாரோ ஆப்ட் கோப்புறைக்குள் பிரித்துவைத்தது ஒன்று, டாக்கர் கன்டெய்னருக்குள் ஒன்று. நீங்கள் டெர்மினலில் கீடூல் என்று அடித்தால் பாத்தில் முதலில் இருப்பது ஓடும். டாம்கேட் வேறொன்றில் ஓடிக்கொண்டிருக்கும். ஊகிக்காதீர்கள். ஓடுகிற டாம்கேட்டின் ப்ராசஸ் எண்ணை எடுத்து, ஜேசிஎம்டி கட்டளையில் அந்த எண்ணையும் 'விஎம்.சிஸ்டம்_ப்ராப்பர்ட்டீஸ்' என்பதையும் கொடுங்கள். வரும் பட்டியலில் 'ஜாவா.ஹோம்' எதைக் காட்டுகிறதோ அதுதான் உண்மையான ஜாவா. ஜாவா 8-இல் ஜேஆர்இ-க்குள் லிப், செக்யூரிட்டி என்ற வழியில் சிஏசர்ட்ஸ் இருக்கும். ஜாவா 9-இலிருந்து ஜேஆர்இ என்ற தனிக் கோப்புறையே கிடையாது. நேரே லிப், செக்யூரிட்டி. கடவுச்சொல் பழைய பதிப்புகளில் 'சேஞ்ச்இட்', மாற்றச் சொல்லும் அந்தப் பெயரை யாரும் மாற்றியதில்லை. ஜாவா 18-இலிருந்து அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல்லே இல்லை.

அதே பட்டியலில் 'ஜாவாக்ஸ்.நெட்.எஸ்எஸ்எல்.ட்ரஸ்ட்ஸ்டோர்' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சிஏசர்ட்ஸில் நீங்கள் என்ன சேர்த்தாலும் வீண், ஏனென்றால் அந்த ப்ராப்பர்ட்டி சிஏசர்ட்ஸோடு கூடுதலாகச் சேர்வது அல்ல; சிஏசர்ட்ஸை முழுதாக ஓரம் கட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காருவது. இதில் நேரெதிரான விபத்தும் உண்டு. ஒரே ஒரு பார்ட்னரின் சான்றிதழை வைத்துப் புதிய ட்ரஸ்ட்ஸ்டோர் (நம்பும் சான்றிதழ்களை வைக்கும் கோப்பு) உருவாக்கி இந்த ப்ராப்பர்ட்டியில் கொடுப்பார்கள். அந்த பார்ட்னர் வேலை செய்வார், எஸ்எம்எஸ், பேமென்ட், மின்னஞ்சல் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிடும். அப்புறம் இன்னொன்று: ப்ராப்பர்ட்டியில் கொடுத்த கோப்பு அந்த இடத்தில் இல்லவே இல்லை என்றால் ஜாவா "கோப்பைக் காணோம்" என்று சொல்லாது. காலி ட்ரஸ்ட்ஸ்டோரோடு ஓடிவிட்டு, முதல் அழைப்பில் 'ட்ரஸ்ட்ஆங்கர்ஸ் பாராமீட்டர் மஸ்ட் பி நான்எம்ப்டி' என்று ஏதோ வேதாந்தம் பேசும். அந்தச் செய்தியைப் பார்த்தால் முதலில் பாதையில் எழுத்துப்பிழை தேடுங்கள்.

சேர்த்த பிறகு டாம்கேட்டை மறுதொடக்கம் செய்தீர்களா? ஓடுகிற ஜேவிஎம் (ஜாவாவை இயக்கும் எந்திரம்) ட்ரஸ்ட்ஸ்டோரை ஒரு முறை படித்துக் கையில் வைத்துக்கொள்ளும். டாக்கர் என்றால் கேட்கவே வேண்டாம். கன்டெய்னருக்குள் நுழைந்து சேர்த்தது அடுத்த டெப்ளாய்மென்டில் கன்டெய்னரோடு போய்விடும். இமேஜ் உருவாக்கும்போதே சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் முழுச் செயலியோடு சோதிப்பது வீண் வேலை. ஒரு யூஆர்எல்லைத் திறந்து ஒரு பைட் படிக்கிற பத்து வரி ஜாவா நிரலை வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா 11 முதல் ஒரே கோப்பாக உள்ள நிரலைத் தனியாகக் கம்பைல் செய்யாமலே ஓட்டலாம். டாம்கேட் எந்த ஜாவாவில், எந்த ப்ராப்பர்ட்டிகளோடு ஓடுகிறதோ அதே ஜாவா, அதே ப்ராப்பர்ட்டி. இரண்டு நொடியில் பதில் வரும். மெலிதாக்கிய ஜேஆர்இ மட்டும் உள்ள கன்டெய்னரில் கம்பைலர் இருக்காது, அங்கே கம்பைல் செய்த கிளாஸ் கோப்பைக் கொண்டுபோங்கள்.

எதைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. அவசரத்துக்கு நீங்கள் சேர்த்தது அநேகமாக 0-ஆவது சான்றிதழ், அதாவது பேரன். சரியான கோப்பில் சேர்த்திருந்தால் அது வேலையும் செய்திருக்கும், அவர்கள் அடுத்த முறை புதுப்பிக்கும் வரை. லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள் சான்றிதழ். மற்ற நிறுவனங்களுக்கும் காலம் சுருங்குகிறது: சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் (சிஏ) பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025-இல் எடுத்த முடிவின்படி, பொதுச் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் பேரனைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் அதற்கென்றே ஒரு ஆளைப் போட வேண்டும். ஆகவே தற்காலிகமாகச் சேர்ப்பதானால் இடைநிலைச் சான்றிதழைச் சேருங்கள். இன்னொரு தற்காலிக வழி, 'காம்.சன்.செக்யூரிட்டி.எனேபிள்ஏஐஏசிஏஇஷ்யூவர்ஸ்' என்ற ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்குவது. ஜாவாவும் பிரவுசரைப் போல ஊர் விசாரிக்கத் தொடங்கும். சர்வரிலிருந்து வெளியே போக அனுமதி இல்லாத இடத்தில் இது உதவாது. நிரந்தரத் தீர்வு அவர்கள் ஃபுல்செயினைப் போடுவதுதான்.

இப்போது உங்கள் சீனியரின் யோசனை. ட்ரஸ்ட் மேனேஜரில் சர்வரை நம்பலாமா என்று பார்க்கும் 'செக்சர்வர்ட்ரஸ்டட்' மெத்தடை வெறும் அடைப்புக்குறிகளோடு காலியாக எழுதிவிட்டால் பிழை போய்விடும், உண்மைதான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் மூட்டைப்பூச்சியும்தான் போகும். டிஎல்எஸ் இரண்டு வேலை செய்கிறது: பேச்சை மறைக்கிறது, யாரோடு பேசுகிறோம் என்று உறுதி செய்கிறது. இரண்டாவதை எடுத்துவிட்டால் முதலாவதற்கு அர்த்தமில்லை. நடுவில் நிற்கிற திருடனிடம் மிக ரகசியமாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள். பலருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் அந்த நிரல்துண்டுகளில் பெரும்பாலானவை 'செட்டிஃபால்ட்' என்று தொடங்கும் ஸ்டாட்டிக் மெத்தடைத்தான் அழைக்கும். அது ஜேவிஎம் முழுமைக்கும் பொருந்தும். உங்கள் செயலி ஒரு பார்ட்னருக்காகக் கதவைத் திறந்தால், அதே டாம்கேட்டில் ஓடும் பக்கத்துச் செயலியின் பேமென்ட் அழைப்புக்கும் கதவு திறந்துவிடும். "டெஸ்டிங்குக்கு மட்டும்" என்று கமென்ட் எழுதி ப்ரொடக்‌ஷனுக்குப் போன இந்த நிரலை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட யாரும் திரும்ப எடுத்ததாக நினைவில்லை.

உங்கள் பிழைக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் ஹேண்ட்ஷேக் எக்ஸப்ஷன் என்ற ஒரே பெயரில் வேறு பல நோய்களும் வருவதால், அவற்றையும் எப்படிப் பிரித்தறிவது என்று சொல்லிவிடுகிறேன்.

'ரிசீவ்டு ஃபேட்டல் அலர்ட்' என்று தொடங்கினால் திசை தலைகீழ். இங்கே மறுத்தது எதிர்ப்பக்கம், உங்கள் ஜாவா அதைக் கேட்டு உங்களிடம் சொல்கிறது. பிறகு வரும் சொல் 'புரோட்டோகால் வெர்ஷன்' என்றால் டிஎல்எஸ் பதிப்பு ஒத்துவரவில்லை. ஜாவா 7-இன் கிளையன்ட் இயல்பாக டிஎல்எஸ் 1.0 மட்டுமே பேசும். ஜாவா 8 முதல் இயல்பாக 1.2 பேசும்; 1.3 வந்தது ஜாவா 11-இல். 'ஹேண்ட்ஷேக் ஃபெய்லியர்' என்றால் பெரும்பாலும் பொதுவான சைஃபர் இல்லை, அல்லது சர்வர் உங்களிடம் கிளையன்ட் சான்றிதழ் கேட்டு நீங்கள் தரவில்லை.

'நோ அப்ரோப்ரியேட் புரோட்டோகால்' என்பது இன்னொரு வகை. இது உங்கள் ஜாவாவே வாயைத் திறக்க மறுப்பது. 2021 ஏப்ரலில் வந்த ஜாவா 8-இன் 291-ஆவது அப்டேட்டும், 11.0.11-உம் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இயல்பாகத் தடை செய்தன. அந்த மாதம் ஜாவாவை அப்டேட் செய்துவிட்டுப் பழைய மைஎஸ்க்யூஎல்லோடு பேச முடியாமல் திண்டாடியவர்கள் ஏராளம். வெளியே தெரிந்ததோ 'கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெய்லியர்' என்ற செய்தி மட்டும். ஜாவா.செக்யூரிட்டி கோப்பில் 'டிசேபிள்டு அல்காரிதம்ஸ்' வரியிலிருந்து 1.0-ஐ நீக்கினால் ஓடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஓடும்தான். ஆனால் டேட்டாபேஸையோ அதன் டிரைவரையோ புதுப்பிக்க ஒரு தேதி குறித்துக்கொண்டு செய்யுங்கள்.

'அன்சப்போர்ட்டட் ஆர் அன்ரெகக்னைஸ்டு எஸ்எஸ்எல் மெசேஜ்' வந்தால் சான்றிதழைத் தொடவே வேண்டாம். எச்டிடிபி போர்ட்டில் போய் எச்டிடிபிஎஸ் பேசுகிறீர்கள். டீபக் பதிவில் (ஜாவா எழுதும் விரிவான லாக்) சர்வரின் பதில் 48 54 54 50 என்று தொடங்குவதைப் பார்க்கலாம். ஆஸ்கியில் அது வெறும் 'எச்டிடிபி'. சர்வர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே தப்பு வேறு முகத்தோடு வரும். டாம்கேட்டின் லாகில் மெத்தட் பெயரில் செல்லாத எழுத்து இருக்கிறது என்று புலம்பி, புதிய பதிப்புகளில் 16, 03, 01 என்று பைட்டுகளையும் காட்டும். அது யாரோ ஹேக் செய்யும் முயற்சி என்று ஒரு இடத்தில் எனக்கு அவசர அழைப்பே வந்தது. 16 03 01 என்பது டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கின் முதல் மூன்று பைட்டுகள், அவ்வளவுதான். லோட் பேலன்சரின் ஹெல்த் செக் தப்பான போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

'நோ சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்ஸ்' வகை செய்தி வந்தால் நம்பிக்கை சரி, பெயர்தான் பொருந்தவில்லை. நேரடியாக ஐபி எண்ணைப் போட்டு அழைப்பவர்களுக்கு இது வரும். சான்றிதழில் உள்ள பெயரைக் கொண்டு அழையுங்கள். உள் நெட்வொர்க் என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ உள் டிஎன்எஸ்ஸிலோ பெயரைப் பதியுங்கள். எப்போதும் ட்ரூ திருப்பித் தரும் ஹோஸ்ட்நேம் வெரிஃபையரை எழுதாதீர்கள், அது சீனியரின் யோசனைக்குத் தம்பி.

எதுவும் பிடிபடவில்லை என்றால் 'ஜாவாக்ஸ்.நெட்.டீபக்' ப்ராப்பர்ட்டிக்கு 'எஸ்எஸ்எல்:ஹேண்ட்ஷேக்' என்று கொடுத்து ஓட்டுங்கள். டாம்கேட்டில் செட்என்வ் கோப்பில் கேட்டலினா ஆப்ட்ஸில் சேர்க்கலாம். லாக் வெள்ளம்போல வரும், பயப்பட வேண்டாம். உரையாடலாகப் படியுங்கள்: கிளையன்ட் ஹலோ போனதா, சர்வர் ஹலோ வந்ததா, சர்வரின் சான்றிதழ் வந்ததா, அதற்கு அடுத்து என்ன. கிளையன்ட் ஹலோ போய் எதுவும் வராமல் இணைப்பு அறுந்தால் நடுவில் ஃபயர்வால் அல்லது லோட் பேலன்சர். சர்வர் ஹலோ வராமல் அலர்ட் வந்தால் பதிப்பு, சைஃபர், அல்லது பெயர். சான்றிதழ் வந்த பிறகு முறிந்தால் நம்பிக்கை. முறிந்த வரிக்கு முந்தைய வரியில் யார் பேசினார் என்பதுதான் பாதி பதில். ப்ரொடக்‌ஷனில் வேலை முடிந்ததும் இதை அணைக்க மறக்காதீர்கள். டிஸ்க் நிரம்பி அதற்கொரு டிக்கெட் வரும்.

இதுவரை நீங்கள் கிளையன்ட். உங்கள் டாம்கேட்டே சர்வராக நிற்கும்போது நடக்கும் ஒரு தப்பை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் நானே அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்திருக்கிறேன். கீடூலில் 'டாம்கேட்' என்ற ஏலியாஸில் (கீஸ்டோர் கோப்புக்குள் ஒரு பதிவுக்கு வைக்கும் பெயர்) சாவி ஜோடி உருவாக்கி, கோரிக்கையை அனுப்பி, சான்றிதழ் வாங்கியாயிற்று. அதை இறக்கும்போது ஏலியாஸில் டொமைன் பெயரைக் கொடுத்துவிட்டேன், அதுதானே பொருத்தம் என்று. கீடூல் மறுக்கவில்லை. "சர்டிஃபிகேட் வாஸ் ஆடட் டு கீஸ்டோர்" என்றது. மறுதொடக்கம் செய்தால் பிரவுசர் இன்னும் சுயமாகக் கையெழுத்திட்ட சான்றிதழ் என்றே எச்சரிக்கிறது. மாலை வரை கனெக்டர் அமைப்பைத் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் லிஸ்ட் கட்டளையை விரிவாக ஓட்டியபோதுதான் தெரிந்தது: டாம்கேட் ஏலியாஸில் பிரைவேட் கீ என்ட்ரி, சங்கிலி நீளம் 1, பழைய சுய கையொப்பம். டொமைன் ஏலியாஸில் ட்ரஸ்டட் சர்ட் என்ட்ரி. சாவி ஒரு அறையில், சான்றிதழ் அடுத்த அறையில். சாவி இருக்கும் அதே ஏலியாஸில் இறக்கினால் கீடூல் வேறு வாக்கியம் சொல்லும்: "சர்டிஃபிகேட் ரிப்ளை வாஸ் இன்ஸ்டால்டு இன் கீஸ்டோர்." 'ஆடட்' என்றால் தப்பு, 'ரிப்ளை இன்ஸ்டால்டு' என்றால் சரி. இந்த ஒரு சொல் வித்தியாசத்தை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அன்று மத்தியானச் சாப்பாடு சூடாகக் கிடைத்திருக்கும். சங்கிலி நீளமும் 1-க்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களை அழைக்கிற இன்னொரு ஜாவா, நீங்கள் இன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இரு பக்கமும் சான்றிதழ் காட்டும் எம்டிஎல்எஸ்ஸில் இதே நாடகம் இரண்டு மடங்கு. கீஸ்டோர் என்பது நான் யார் என்று காட்ட, ட்ரஸ்ட்ஸ்டோர் என்பது நீ யார் என்று பார்க்க; இரண்டையும் மாற்றிப் போடுவதே முதல் தப்பு. இரண்டாவது, சர்வர் கிளையன்ட் சான்றிதழ் கேட்கும்போது எந்தெந்தச் சிஏக்களை ஏற்கும் என்று ஒரு பட்டியல் அனுப்பும். உங்கள் கீஸ்டோரில் அந்தப் பட்டியலுக்குப் பொருந்தும் சங்கிலி இல்லையென்றால் ஜாவா எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காலிச் சான்றிதழை அனுப்பும், சர்வர் அலர்ட் அடித்து மூடும். மூன்றாவது, அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட் 4-ஐ இயல்பு அமைப்பில் உருவாக்கினால் அது கீஸ்டோர் ப்ராப்பர்ட்டியைக் கண்டுகொள்ளாது. 'கிரியேட்சிஸ்டம்' வழியாக உருவாக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் டாம்கேட் இருந்து, பக்கம் முடிவில்லாமல் ரீடைரக்ட் ஆகிறது என்றால் அது டிஎல்எஸ் சிக்கலே இல்லை. டிஎல்எஸ் என்ஜின்எக்ஸிலேயே முடிந்துவிட்டது. டாம்கேட்டுக்கு வெறும் எச்டிடிபி வருகிறது. அது "பாதுகாப்பில்லை, எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ" என்று திருப்பி அனுப்புகிறது. என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரை வைத்து, டாம்கேட்டில் ரிமோட் ஐபி வால்வைப் போட்டால் தீரும்.

இப்போது உங்கள் வேலை. எஸ்_கிளையன்ட் பதிலை ஒரு கோப்பில் சேமியுங்கள். 0 மட்டும் இருந்தால் அந்தப் பதிலை அப்படியே இணைத்து, "உங்கள் சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை, ஃபுல்செயினைப் போடுங்கள்" என்று எதிர்ப்பக்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "எங்களுக்கு பிரவுசரில் திறக்கிறதே" என்று பதில் வந்தால், எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனையில் அவர்கள் முகவரியைப் போடச் சொல்லுங்கள். சங்கிலி முழுமையில்லை என்று அதுவே சொல்லும். அதுவரை இடைநிலைச் சான்றிதழைச் சரியான ஜாவாவின் ட்ரஸ்ட்ஸ்டோரில், சேர்த்த தேதியை ஏலியாஸிலேயே எழுதி வையுங்கள். அவர்கள் சரிசெய்ததும் அதை நீக்கிவிட்டு அந்தப் பத்து வரி நிரலை மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.